இல்லாத தாத்தா குடுத்த வாட்ச்

ஷைனி, கண்ண மூடு. மூடிக்கிட்டே ம் போடு. ம் வரலன்னா அத்தை பாதியிலயே நிறுத்திருவேன், ஆமா.

ஒரு ஊர்ல ஒரு தாத்தா இருந்தாராம். ஆனா அப்படி ஒரு தாத்தா இல்லவே இல்லயாம்.

"அதெப்படி அத்தே?"

சொல்றேன், பொறு. செம்மணல் மேடா இருக்குமே, அந்தத் தேரிக்காட்டுப் பக்கம் ஒரு இங்கிலீஷ் கோச்சிங் சென்டர். வெளிநாட்டுல நர்ஸ் வேலைக்குப் போகணும்னா இங்கிலீஷ்ல ஒரு பரீட்சை உண்டு, அதுல நேர்ல உக்காந்து பேசியும் காட்டணும். அதுக்கு சொல்லிக்குடுக்க ரூபன் சார்னு ஒருத்தர். அவருக்கு சின்ன வார்த்தைன்னாலே ஆகாது. நல்லவர்னு சொல்லக் கூடாது, பெனவலன்ட்னு சொல்லணும். எதையும் கவனமா செய்வார்னு சொல்லக் கூடாது, மெட்டிகுலஸ்னு சொல்லணும். அப்புறம் இந்த வார்த்தையெல்லாம் மாட்டி வைக்க அவரே ஒரு தாத்தாவ உண்டாக்கினார். அந்தத் தாத்தா சிரிச்சுக்கிட்டே பேத்திக்கு ஒரு வாட்ச் குடுப்பார். என்ன கேள்வி வந்தாலும் இவரைக் கூட்டிட்டு வந்துரணும், அவ்வளவுதான் சாரோட பாடம்.

"ம்."

அங்க ஜெபசெல்வின்னு ஒரு அக்கா படிச்சா. வெளிநாட்டு ஆஸ்பத்திரில அவளுக்கு வேலை தயாரா இருந்துச்சு, பரீட்சை மட்டும் பாஸாகணும். அவளுக்கு அந்த வாட்ச் தாத்தாவ ரொம்பப் பிடிச்சுப் போச்சு. ஏன்னா அவ சொந்தத் தாத்தா தாசையா சரியான சிடுமூஞ்சி. பேத்தி நர்ஸ் படிக்கப் போகக் கூடாதுன்னு மூஞ்சியத் தூக்கி வச்சிக்கிட்டு இருந்தவர்.

அப்புறம் பரீட்சை நடக்குற மதுரைக்குப் போய் கடகடன்னு வாட்ச் தாத்தாவ ஒப்பிச்சா. ஃபெயில். சார், "வார்த்தை பத்தல"ன்னு இன்னும் பெரிய வார்த்தையா ஏத்தி விட்டார். ரெண்டாந்தடவ மடமடன்னு கொட்டினா. முந்தினத விடவும் கம்மி மார்க். அப்போ ஆஸ்பத்திரிக்காரங்க சொல்லிட்டாங்க, இன்னும் ஒரு தடவதான், அதுவும் போச்சுன்னா வேலை வேற ஆளுக்குன்னு.

"பாவம் அத்தே."

பாவம்தான். மூணாந்தடவ வெளிய பெஞ்சுல உக்காந்திருக்கா. இந்தப் பக்கம் ஒரு பொண்ணு முணுமுணுன்னு சொல்லிப் பாக்குது. அந்தப் பக்கம் ஒரு பையன். ரெண்டு பேருக்கும் அதே தாத்தா, அதே வாட்ச், அதே பெனவலன்ட். ஜெபசெல்விக்கு முதல்ல சிரிப்பு வந்துச்சு. அப்புறம் திக்குனு ஆச்சு. உள்ள இருக்கிறவங்க இந்தத் தாத்தாவக் கேட்டுக் கேட்டு அலுத்திருப்பாங்களே. அவர விட்டுரலாம்னு அங்கயே முடிவு பண்ணினா. ஆனா நெஜமா ஒரு தாத்தா செத்துப்போன மாதிரி அவளுக்கு அழுகை முட்டிச்சு.

உள்ள கேள்வி கேக்க கண்ணாடி போட்ட ஒரு அம்மா. "உனக்கு உதவி செஞ்ச ஒருத்தரப் பத்திச் சொல்லு"ன்னாங்க.

நாக்கு நுனியில வாட்ச் நிக்குது. முழுங்கிட்டா. அப்புறம் சின்னச் சின்ன வார்த்தையா, தட்டுத் தடுமாறி சொன்னா. "என் தாத்தா கோவக்காரர். நான் படிக்கப் போறது அவருக்குப் பிடிக்கல. ஆனா போற அன்னைக்கு என் டிரங்குப் பெட்டியத் தலையில வச்சு பஸ் வரைக்கும் கொண்டாந்தார். பெட்டிய ஏத்திட்டுத் திரும்பிப் பாக்காமப் போயிட்டார்."

"சந்தோஷமாவா தூக்கினார்?"னு கேட்டாங்க அந்த அம்மா.

அப்போ ஒரு வார்த்தை தானா வந்துச்சு. ரிலக்டன்ட். மனசில்லாம செய்றதுக்கு இங்கிலீஷ்ல அதான். அவ மனப்பாடம் பண்ணினதுதான், ஆனா வாட்ச் தாத்தாவுக்கு அது ஒத்தே வராது. மனசில்லாமத்தான் தூக்கினார், ஆனா தூக்கினார்னு சொன்னா. அந்த அம்மா எழுதுறத நிறுத்திட்டு அவளையே பாத்தாங்க.

"ம்..."

படியிறங்கினதும் ஊருக்குப் போன் போட்டா. "தாத்தா, இன்னைக்கு உள்ள உங்களப் பத்தித்தான் பேசினேன்."

"நான் போகாதன்னு மறிச்சதச் சொன்னியாக்கும்?"

"அதையும் சொன்னேன்."

அப்புறம் கிழவர் தொண்டையக் கனைச்சார். "எப்ப கிளம்புற?"

"இன்னும் ரிசல்டே வரல தாத்தா."

"அது வரும். நீ எப்ப கிளம்புறன்னு சொல்லு."

அவ அங்கயே நின்னு அழுதுட்டா.

ஷைனி? ம் காணோமே. பாஸாகிட்டாடீ, நல்ல மார்க்கு. கதையும் படுத்தாச்சு, நீயும் தூங்கு.