கரையில் நின்ற இன்னொருவர்

இந்தக் கதையின் முடிவில் ஒரு கேள்வி காத்திருக்கிறது. ஆகவே வேகமாகப் படிக்கிறவர்கள் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். ஒரு சொல்லைக்கூடத் தாண்டிப் போக வேண்டாம். தாண்டிப் போனதால்தான் தெய்வானையே முதலில் ஏமாந்தாள்.

தெய்வானை பிழை திருத்துபவள். இருபத்திரண்டு வருடம் அயல்நாட்டில், வேறொரு மொழியில் பிழைத்துவிட்டு, நாற்பத்தெட்டாவது வயதில் திருநெல்வேலிக்குத் திரும்பியவள். பேர்பெற்ற நாவலாசிரியர் குற்றாலிங்கம் காலமான மூன்றாம் மாதம், பதிப்பாளர் ஒரு நோட்டுப் புத்தகத்தை அவளிடம் ஒப்படைத்தார். குற்றாலிங்கம் இளவயதில் எழுதி, கடைசிவரை வெளியிடாமல் வைத்திருந்த ஏழு சிறுகதைகள் அதில் இருந்தன. முதல் ஆறு கதைகளும் சாதாரணம்தான். அவற்றில் வருகிற எல்லோரும் அடிக்கடி பெருமூச்சு விட்டார்கள். ஏழாவது கதையின் தலைக்கு மேல் மட்டும் சிவப்பு மையில் ஒரு குறிப்பு: “இது யாருக்கு எழுதப்பட்டதோ, அவர் சரி என்றால் அச்சுக்குப் போகலாம். வேறு யார் சொன்னாலும் வேண்டாம்.”

யாருக்கு என்று எழுதவில்லை.

கதை சின்னது. அருணாசலம் என்ற இளைஞன் ஆற்றில் நீந்துகிறான், சுழலில் சிக்குகிறான். கரையில், நாணல் மறைவில், கதையைச் சொல்பவரும் இன்னொருவரும். ‘நாங்கள் பார்த்தோம், நாங்கள் அசையவில்லை’ என்றே கதை போகிறது. கடைசிப் பத்தி இது:

“பிழிந்த துணி காலடியில் கிடந்தது. பன்னிரண்டு முழம். வீசியிருந்தால் எட்டியிருக்கும். கூப்பிட்டிருந்தால் ஊர் வந்திருக்கும். வந்த ஊர் நம்மையும் பார்த்திருக்கும். அவன் கை இரண்டு தடவை மேலே வந்தது. நாம் பேசாமல் இருந்தோம்.”

கவனக்குறைவு என்று நினைத்தாள் தெய்வானை. ‘நம்மையும்’ என்பதை ‘எங்களையும்’ என்றும், ‘நாம்’ என்பதை ‘நாங்கள்’ என்றும் பென்சிலால் மாற்றினாள்.

அதன்பிறகு அந்தக் கை அவளை விடவில்லை. பாத்திரம் துலக்கும்போது நுரைக்குள்ளிருந்து தன் கையே மேலே வருவதைப் பார்த்துத் திடுக்கிட்டாள். பட்டப்பகலில், ஆள் நிறைந்த பஸ்ஸில், முதுகுக்குப் பின்னால் யாரோ பேசாமல் இருக்கிறார்கள் என்று தோன்றியது. மூன்றாம் நாள், போட்ட திருத்தத்தை ரப்பரால் அழித்தாள்.

பதிப்பாளர் விசாரித்ததில், அறுபது வருடத்துக்கு முன் அம்பாசமுத்திரத்தில் அருணாசலம் என்று ஒருவர் ஆற்றோடு போனது உண்மை என்று தெரிந்தது. அவருடைய தம்பி நம்பிராஜன் தேடி வந்தார். கதையைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

“நீந்தத் தெரிஞ்சவன் எப்படிம்மா முங்குவான்? வேணும்னேதான் இறங்கிட்டான்னு ஊரு சொல்லிச்சு. ‘அன்னைக்குக் காலையில நான் அவனை என்ன சொன்னேன்’னு எங்கம்மா சாகிற வரைக்கும் கேட்டுக்கிட்டே இருந்தா. இது எங்களுக்கு எழுதினது. போடுங்க.”

அடுத்து, குற்றாலிங்கத்தின் பள்ளித் தோழர் சுப்பையா. ஊன்றுகோலோடு மாடியேறி வந்தார்.

“எழுத்து தெரியுதா அண்ணாச்சி?”

“அவன் எழுத்தா? கோழி கிளறினாப்ல இருக்கும். வாத்தியாருக்கே நான்தான் படிச்சுக் காட்டுவேன்.” படித்தார். நோட்டை மூடினார். சிரிப்பு போயிருந்தது. “கரையில நின்னது நான்தான் தாயி. ரெண்டு பேரும் குளிக்கப் போயிருந்தோம். வேட்டியை வீசியிருக்கலாம். பயந்துட்டோம். எனக்குத்தான் எழுதியிருக்கான். நான் சொல்லுதேன், வேண்டாம்.”

படியிறங்கும்போது திரும்பிப் பார்த்தார். “மதினிகிட்ட இதைக் காட்டிராதீங்க.”

தெய்வானை காட்டத்தான் போனாள். எழுத்தாளரின் மனைவி சங்கரவடிவுக்கு எண்பது வயது. வேலைக்கு வரும் பெண் ஈரச் சேலையை உதறிக் கொடியில் நீளமாக விரித்துக்கொண்டிருந்தாள்.

“சுருட்டி உள்ளே கொண்டுபோய்ப் போடுன்னு எத்தனை தடவை சொல்லுதது?” என்று முகத்தைத் திருப்பிக்கொண்ட சங்கரவடிவு, நோட்டைத் தொடவில்லை. “எனக்கு எழுதினதா? நல்லாயிருக்கே! குழம்புல உப்பு சரியான்னு கேட்டா அதுக்கே பதில் வராது அந்த மனுசன்கிட்ட. எனக்காக உக்காந்து கதை எழுதினாராக்கும்! என்னைக் கேக்காதே தாயி.”

இப்போது தெய்வானையின் மேசையில் நோட்டு கிடக்கிறது. ஒருவர் போடு என்கிறார். ஒருவர் வேண்டாம் என்கிறார். ஒருவர் என்னைக் கேட்காதே என்கிறார். தப்பான ஆளின் சொல்லைக் கேட்டு அச்சிட்டால் செத்தவரின் குறிப்பை மீறியதாகும். தப்பான ஆளின் சொல்லைக் கேட்டு மூடி வைத்தால், தானே செத்துப்போனான் என்ற பேர் அருணாசலத்தை விட்டுப் போகாது.

படித்தவரே, சொல்லுங்கள்: அந்தக் கதை யாருக்கு எழுதப்பட்டது? தெய்வானை யார் சொல்லைக் கேட்க வேண்டும்?

விடை: சங்கரவடிவின் சொல்லை. ‘நாங்கள்’ என்றால் கேட்பவர் வெளியே நிற்கிறார்; ‘நாம்’ என்றால் கேட்பவரும் கூடவே நிற்கிறார். இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்திருக்கும் மொழியில் இருபத்திரண்டு வருடம் இருந்துவிட்டதால், தெய்வானைக்கு இது உறைக்க நாளானது. கரையில் இல்லாத நம்பிராஜனுக்கு அது எழுதப்படவில்லை. சுப்பையாவுக்கும் இல்லை: வேட்டி எட்டு முழம், பன்னிரண்டு முழம் என்றால் சேலை. தவிர, இரண்டு ஆண்கள் ஆற்றங்கரையில் நிற்பதை ஊர் பார்த்தால்தான் என்ன? கல்யாணத்துக்கு முன்பு சங்கரவடிவோடு நாணல் மறைவில் நிற்பதைப் பார்த்தால்தான் வம்பு. அவர் சொன்னது மதினிக்காகச் சொன்ன பொய். தெய்வானை மறுபடி போய், கடைசிப் பத்தியை மட்டும் வாய்விட்டுப் படித்தாள். சங்கரவடிவு வெறுங்கொடியையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சொன்னாள்: “முதல் புஸ்தகத்தை நம்பிராஜன் கையில குடு. அந்த ‘நாம்’ அப்படியே இருக்கட்டும். திருத்திராதே.”