கருவால் மூக்கனைப் பார்த்தவர்கள்

குருவுக்கு வயது முப்பத்திரண்டு. பெயர் ரெஜினா, ஆரம்ப சுகாதார நிலையத்தில் நர்ஸ். சீடருக்கு அறுபத்து நான்கு. பெயர் வைகுண்டம், ரிட்டையரான தாசில்தார். பறவை பார்க்கும் குழுவில் வயதுக்கும் பதவிக்கும் வேலை இல்லை, கண்ணுக்குத்தான் வேலை என்பார்கள். தாசில்தார் அதை முழுசாக நம்பியதில்லை.

ஐப்பசி பிறந்தால் வடக்கேயிருந்து பறவைகள் குளத்தில் இறங்கும். ஞாயிறு காலையில் குழுவும் வந்து இறங்கும். ரெஜினா தொலைநோக்கியை ஸ்டாண்டில் நிறுத்தி, பறவை அதில் தெரியும்படி பிடித்து வைப்பார். ஒவ்வொருவராகக் குனிந்து பார்க்க வேண்டும். கடைசியில் டீக்கடையில் பறவைப் பட்டியலை வாசிப்பார். பார்த்தவர்கள் கை தூக்க வேண்டும்; அவர்கள் பேரைக் குறித்துக்கொள்வார். இதுதான் அவர்கள் வழக்கம்.

அன்றைக்குக் கருவால் மூக்கன் என்ற பறவை வந்திருந்தது. எப்போதோ வருகிற விருந்தாளி. முதலில் குனிந்தவர், "அடேங்கப்பா, மூக்கு எவ்வளவு நீளம்!" என்றார். அடுத்தடுத்து வந்தவர்களும் ஆகா, ஓகோ என்றார்கள்.

வைகுண்டம் குனிந்தார். வெறும் தண்ணீர்தான் தெரிந்தது. பின்னால் ஆட்கள் காத்திருந்தார்கள்.

"ஆகா, அருமை!" என்று நிமிர்ந்தார்.

அடுத்து, புதிதாகச் சேர்ந்திருந்த தமயந்தி குனிந்தார். "எனக்கு ஒண்ணும் தெரியலையே."

வைகுண்டம் கடகடவென்று சிரித்தார். "ஆனை மாதிரி முன்னாடி நிக்குது, தெரியலையாம்! முதல்ல கண்ணாடியை மாத்துங்கம்மா."

தமயந்தியின் முகம் சுண்டிப்போயிற்று. டீக்கடையில் அவர் ஒருவர் மட்டும் கை தூக்கவில்லை. அடுத்த ஞாயிறும் அதற்கடுத்த ஞாயிறும் அவர் வரவில்லை.

வைகுண்டத்துக்குச் சோறு இறங்கவில்லை. பதவியில் இருந்தபோது எத்தனையோ பேரை விரட்டியிருக்கிறார். அப்போதெல்லாம் வராத வெட்கம் இப்போது பிடுங்கித் தின்றது. மூன்றாம் ஞாயிறு, மற்றவர்கள் வருவதற்கு முன்பே குளக்கரைக்குப் போய் ரெஜினாவைப் பார்த்தார்.

"மேடம், அன்னைக்கு நான் பறவையைப் பார்க்கல. பொய் சொல்லிட்டேன். என் பேரை அடிச்சிருங்க."

ரெஜினா தூரத்தில் நின்ற நாமக்கோழி ஒன்றைத் தொலைநோக்கியில் பிடித்தார்.

"பாருங்க சார்."

"நல்லாத் தெரியுது."

ரெஜினா முழங்காலால் ஸ்டாண்டை லேசாக இடித்தார். "இப்போ?"

"தண்ணிதான்."

"அன்னைக்கு முதல் ஆள் நிமிரும்போது இப்படித்தான் இடிச்சார். தொலைநோக்கி நகர்ந்திருக்காதுன்னு நினைச்சேன். கடைசியா ஸ்டாண்டை மடக்கும்போது பார்த்தா, தண்ணி. டீக்கடையில அந்தம்மா கை தவிர எல்லாக் கையும் மேல போச்சு. உண்மையைச் சொல்ல எனக்கு வாய் வரல."

"அப்போ, முதல் ஆளைத் தவிர யாருமே பார்க்கலையா?"

"யாரும் பார்க்கல."

மூன்று வாரமாக நெஞ்சில் கிடந்த பாரம் சட்டென்று இறங்கியது. வைகுண்டம் சிரித்தே விட்டார்.

"அப்பாடா! பொய் சொன்னது நான் மட்டும் இல்ல."

ரெஜினா ஸ்டாண்டை நேராக்கினார்.

"பொய் எல்லாரும்தான் சொன்னோம் சார். அந்தம்மாவைப் பார்த்துச் சிரிச்சது நீங்க ஒருத்தர்தான்."