வெள்ளைத் துணி கட்டிய சுரைக்காய்

அறுத்தால் ஒரு வேளைக் குழம்பு. விட்டுவைத்தால் ஒரு வருடத்துச் சாப்பாடு. முற்றிவிட்டதா என்று சோதித்தால் கெட்டுப் போகும். அது என்ன?

விதைக்கு விட்ட சுரைக்காய். விடை எளிதுதான். ஆனால் ஒரு தோட்டத்தில் அந்தக் காய் எளிதாக இருக்கவில்லை. கவனமாகக் கேளுங்கள், முடிவில் உங்களிடம் ஒரு கேள்வி கேட்பேன்.

தாராபுரத்துக்குக் கிழக்கே, ஆற்றோரத்தில், மயிலாத்தாளுக்கு இரண்டு ஏக்கர் காய்கறித் தோட்டம் இருந்தது. ஊரில் ஒன்பது குடும்பங்கள் முறைவைத்து வந்து களை எடுப்பார்கள், பந்தல் கட்டுவார்கள். சனிக்கிழமை பறித்ததை ஒன்பது கூடைகளாகப் பிரித்துக்கொள்வார்கள். விளைச்சலும் பொதுதான், நட்டமும் பொதுதான். மோட்டார் ரூம் சுவரில் இரண்டு விதிகள் கரியால் எழுதப்பட்டிருந்தன.

"வெள்ளைத் துணி கட்டிய காய் விதைக்கு. அதில் யாருக்கும் பங்கு இல்லை."

"மற்றதில் நோயாளி இருக்கும் வீட்டுக்கு முதல் பங்கு."

எழுதியவள் தெய்வாத்தாள், அந்த ஒன்பது வீட்டில் ஒன்றான சென்னியப்பனின் மனைவி. சுரை விதையும் அவள் பிறந்த வீட்டிலிருந்து கொண்டுவந்ததே. எழுதாத வழக்கம் ஒன்றும் உண்டு: விதைக்காயைக் குழந்தைதான் அறுக்க வேண்டும். மூன்று வருடமாக அறுத்தவள் தெய்வாத்தாளின் மகள் நிறைமதி. இப்போது அவளுக்கு ஒன்பது வயது.

அந்த வருடம் ஆடியில் விதைத்தார்கள். ஐப்பசியில் தொடங்கிய மழை பத்தொன்பது நாள் விடவில்லை. தக்காளி வெடித்தது. வெண்டை வேரோடு அழுகியது. மோட்டார் ரூமில் தொங்கிய விதைக்குடுக்கைக்குள் தண்ணீர் புகுந்து, சேர்த்த விதையெல்லாம் முளைத்துக் கெட்டது. தரைப்பாலம் உடைந்ததால் சந்தைக் காயும் வரவில்லை. மூன்று சனிக்கிழமை கூடைகள் வெறுமையாகப் போயின. ஊரில் காய்ச்சல் பரவியது. தெய்வாத்தாள் அதில் இறந்தாள்.

பந்தலில் ஒரே ஒரு சுரைக்காய் மிஞ்சியது. சுரைப்பூ மாலையில்தான் விரியும். மழைக்குப் பூச்சி வராது என்று, தெய்வாத்தாளே ஆண்பூவைப் பறித்துப் பெண்பூவில் தடவிப் பிடிக்க வைத்த காய் அது. காம்பில் வெள்ளைத் துணி கட்டியவளும் அவளே.

அவள் இறந்த பதினான்காம் நாள் காலை, அந்தக் காயைக் கேட்டு இருவர் வந்தார்கள்.

"நாளன்னிக்குக் கருமாதி அக்கா. அவ வளர்த்த காயி, அவ இலைக்கு வேணும்" என்றான் சென்னியப்பன்.

"எங்க மாமிக்கு அதே காய்ச்சல். சுரைக்காத் தண்ணியத் தவிர எதுவும் வயித்துல தங்கறதில்ல. பாதி போதும் மயிலக்கா" என்றாள் இன்னொரு கூடைக்காரியான நசீமா.

"வெட்டின காயப் படைக்க மாட்டாங்க. முழுசா வேணும்."

"அது விதைக்கு விட்டது. யாருக்கும் இல்ல" என்றாள் மயிலாத்தாள். "இது போனா அடுத்த ஆடிக்கு எதை ஊனறது? என் தலையையா?"

சென்னியப்பன் நசீமாவைப் பார்த்தான். "உங்க மாமிக்கு எம்பது வயசு. இன்னும் எத்தனை நாளைக்கு?"

"உங்க வீட்டம்மா மட்டும் வந்து சாப்பிடவா போறாங்க?"

சொன்ன பிறகு நசீமா வாயைப் பொத்திக்கொண்டாள். நிறைமதி அப்பாவின் பின்னால் நின்றிருந்தாள்.

பந்தலுக்குப் போனார்கள். மயிலாத்தாள் காயை மெல்லத் திருப்பினாள். பின்பக்கத்தில் நகத்தடங்கள் பிறை பிறையாக இருந்தன.

சுரைக்காய் முற்றியதா என்று அறிய, எல்லோரும் கட்டைவிரல் நகத்தால் அழுத்துவார்கள். நகம் இறங்கினால் இளசு. குழம்புக்கு ஆகும், விதைக்கு ஆகாது. விதைக்காயைத் தட்டித்தான் பார்க்க வேண்டும். ஈரக் காலத்தில் நகம் பட்ட இடம் அழுகிவிடும். இது ஒன்பது வீட்டுக்கும் தெரியும்.

"ஒண்ணு என்னுது" என்றாள் மயிலாத்தாள். "இன்னும் எத்தனை நாள் காவல் இருக்கணும்னு பொறுமை இல்லாமப் பார்த்துட்டேன்."

"சமைக்க ஆகுமான்னு நானும் பார்த்தேன்" என்றான் சென்னியப்பன். நசீமா தன் கட்டைவிரலைக் காட்டினாள்.

தடங்கள் நான்கு. நான்காவது மிகச் சிறியது.

"அம்மா காயி முத்திருச்சான்னு பார்த்தேன்" என்றாள் நிறைமதி.

நான்கு தடங்களும் ஆழமாக இறங்கியிருந்தன. ஓரங்கள் பழுப்பாகிக் கசிந்தன.

"சுண்ணாம்பு தடவிப் பார்க்கலாம்" என்றாள் மயிலாத்தாள். "நூத்துக்கு ஒண்ணு பொழைக்கும். நான் பார்த்திருக்கேன்."

"அழுகறதுக்கு முன்னாடி எங்கிட்டக் குடுத்துருங்க" என்றான் சென்னியப்பன்.

நசீமா எதுவும் கேட்கவில்லை.

மயிலாத்தாள் அரிவாளை நிறைமதியின் கையில் கொடுத்தாள். "வழக்கப்படி நீதான் அறுக்கணும் கண்ணு. அறுக்க வேண்டாம்னு தோணினா விட்டுரு. எதுன்னாலும் உன்னை யாரும் ஒரு சொல்லுச் சொல்ல மாட்டோம்."

இப்போது நீங்கள் சொல்லுங்கள். விதிப்படி அது யாருக்கும் இல்லாத காய். கேட்ட இருவரும், விதைக்கென்று காத்த மயிலாத்தாளும் அதைக் கெடுத்தவர்கள். முடிவு சொல்ல வேண்டியவளும் கெடுத்தவளே. நூற்றில் ஒன்றை நம்பி விட்டுவைப்பதா? வளர்த்தவளின் இலைக்கா? இன்றைய நோயாளிக்கா? காய் யாருக்குச் சேர வேண்டும்?

விடை: சுவரை மறுபடி படியுங்கள். துணி கட்டியிருக்கும்வரை அது முதல் விதிக்குள் இருக்கிறது. துணியை அவிழ்த்தால் இரண்டாவது விதிக்குள் வந்துவிடுகிறது. இரண்டிலும் இறந்தவர்களுக்குப் பங்கு எழுதப்படவில்லை. ஆகவே கேள்வி காயைப் பற்றியது அல்ல, துணியைப் பற்றியது. துணியைக் கட்டியவள் உயிரோடு இல்லை; அவிழ்க்கும் உரிமை அவள் மகளுக்கு. நிறைமதி துணியை அவிழ்த்தாள். காயை அறுத்து நசீமாவிடம் கொடுத்தாள்.