வெறுந்தண்ணீர்

“பானகத்துல இன்னும் என்ன சேர்க்கட்டுமுங்க?” என்று கேட்டார் செங்கோடன்.

மடத்துக் குரு சாமியம்மா பாயில் சுருண்டு படுத்திருந்தார். இரண்டு நாளாக வயிற்று வலி.

அந்த மலை மடத்தில் குருவை விடச் சீடருக்குத்தான் வயது அதிகம். செங்கோடன் மில் கேன்டீனில் சமையல் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். பெண்டாட்டி போய்ச் சேர்ந்த பிறகு, பெற்ற மகளிடம்கூட ஒரு வார்த்தை சொல்லாமல் மலையேறி வந்துவிட்டார். சாமியம்மா அவரைப் பார்த்த மாத்திரத்தில் மடப்பள்ளிக்கு அனுப்பினார். ஞானம் கேட்டு வந்த மனுசனுக்குக் கரண்டி கிடைத்தது. அவரும் மூஞ்சியைத் தூக்கவில்லை, சந்தோஷமாகவே வாங்கிக்கொண்டார்.

மடத்தில் ஒரு வழக்கம் உண்டு. படியேறி வருகிறவர்களுக்கு வெறுந்தண்ணீர் கொடுக்கக் கூடாது. வெல்லம் கரைத்த பானகம்தான். மடத்து ஆட்களுக்குச் சீரகம் ஊறிய தண்ணீர். யார் எதற்காக இந்த வழக்கத்தைக் கொண்டுவந்தார்கள் என்று ஒருத்தரும் கேட்டதில்லை. மடத்தில் கேள்வி கேட்பதெல்லாம் கடவுளைப் பற்றித்தான்.

செங்கோடன் வந்த பிறகு பானகத்துக்குப் பெயர் வந்துவிட்டது. மடத்துக் கோயிலில் முருகனைப் பார்க்க வருகிறார்களா, பானகம் குடிக்க வருகிறார்களா என்று பூசாரியே முணுமுணுத்தார். கூட்டம் கூடியது. கூட்டம் கூடினால் பால்குடமும் கூடும். காலையில் ஆரம்பித்தால் உச்சிப்பொழுது வரைக்கும் சாமி தலையில் பால் இறங்கிக்கொண்டே இருக்கும்.

கூடவே இன்னொன்றும் கூடியது. மலையிறங்கிப் போகிறவர்களுக்கு வயிறு சரியில்லாமல் போனது.

“நாளைக்கு எம்மவ கோகிலா வர்றாளுங்க” என்றார் செங்கோடன். “பேத்திக்கு மொட்டை போடோணும். நான் சொல்லாம வந்ததுல இருந்து எங்கூடப் பேசாதவ, இப்பத்தான் மனசு எறங்கியிருக்கறா. ‘உங்க பானகத்தைப் பத்தி ஊரே பேசுது, பாப்பாவுக்கும் குடுங்கப்பா’ன்னு போன்ல சொல்றா. அதைக் குடிச்சுப் புள்ளைக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா, அப்புறம் இந்தப் பக்கம் தலை வெச்சுப் படுப்பாளா? பயமா இருக்குதுங்க. வயித்துக்குக் கேடு பண்ணாத மாதிரி ஏதாவது சேர்க்கோணும். என்ன சேர்க்கட்டும்?”

“தாகமா இருக்குது” என்றார் சாமியம்மா. “தண்ணி கொண்டாங்க மாஸ்டரே.”

இதென்ன பதில் என்று செங்கோடனுக்கு விளங்கவில்லை. ஆனாலும் போய்ச் சீரகத் தண்ணீர் கொண்டுவந்தார்.

சாமியம்மா செம்பை வாங்கி, ஜன்னல் வழியாகச் செம்பருத்திச் செடிக்கு ஊற்றினார்.

“தண்ணி கேட்டேன்.”

சீரகம் ஒத்துக்கொள்ளவில்லை போலும் என்று நினைத்து, துளசி போட்டுக் கொண்டுவந்தார்.

அதுவும் செடிக்கே போனது.

“தண்ணி கேட்டேன்.”

அடுத்து வெட்டிவேர் போட்டுக் கொண்டுவந்தார். செம்பருத்திக்கு அன்றைக்கு நல்ல யோகம்.

“என்ன குத்தமுங்க?” என்றார் செங்கோடன். “எது போட்டாலும் ஊத்தறீங்க.”

“எதையும் போடாம கொண்டாங்க.”

“வெறுந்தண்ணியா? அது முறையில்லைங்களே.”

“நான் என்ன படியேறி வந்தவளா?”

செங்கோடன் கிணற்றடிக்குப் போனார். வாளியைப் போட்டு இறைத்தார். செம்பில் ஊற்றினார். அஞ்சறைப் பெட்டி பக்கம் தானாகப் போன கையை இழுத்துக்கொண்டார். ஒன்றும் போடாமல் கொண்டு போவது, சட்டை போடாமல் கல்யாண வீட்டுக்குப் போவது மாதிரி அவருக்குக் கூச்சமாக இருந்தது.

சாமியம்மா செம்பை வாய்வரை கொண்டு போய் முகர்ந்தார். குடிக்கவில்லை. கீழே வைத்துவிட்டு மெதுவாக எழுந்து உட்கார்ந்தார்.

“பானகத்துல ஓமம் எப்ப இருந்து போடறீங்க?”

“இப்பத்தானுங்க. வயிறு கடுக்குதுன்னு சொன்னாங்க.”

“அதுக்கு முன்னாடி?”

“சுக்கைக் கூட்டினேனுங்க. கொமட்டுதுன்னாங்க.”

“அதுக்கு முன்னாடி?”

“எலுமிச்சை. துளசி.”

“அது எதுக்கு?”

“லேசா ஒரு வாடை அடிக்கிற மாதிரி இருந்துச்சுங்க. துளசி போட்டதும் தெரியலை. எல்லாரும் மணமா இருக்குதுன்னாங்க.”

“மொதமொதல்ல என்ன சேர்த்தீங்க?”

“ஏலக்காய்தானுங்க. எல்லாரும் போடறதுதான். நான் ஒரு பிடி கூடப் போட்டேன்.”

“எதுக்குக் கூட?”

செங்கோடன் செம்பைப் பார்த்தார். அன்றைக்கே தண்ணீரின் ருசி சரியில்லாமல் இருந்தது ஞாபகம் வந்தது.

“அப்படின்னா இந்தத் தண்ணி...”

“குடிங்க” என்று செம்பை நகர்த்தினார் சாமியம்மா.

செங்கோடனின் நாக்கு சாமானிய நாக்கல்ல. மில்லில் பாலில் ஒரு சொட்டுத் தண்ணீர் கலந்தாலும் பால்காரனைத் திருப்பி அனுப்பியவர். ஒரு வாய் குடித்தார். விழுங்க முடியவில்லை. வெளியே ஓடித் துப்பிவிட்டு வந்தார்.

“கெட்டுப்போன பாலுங்க” என்றார். “கிணத்துல பால் எப்படிங்க வரும்?”

“சாமி தலையில ஊத்தற பால் எங்க போகுது?”

“கோமுகை வழியா வெளிய போகுதுங்க.”

“வெளிய போயி?”

செங்கோடனுக்குக் குழம்பியது. தினம் பார்க்கிற காட்சிதான். பால் கருவறையை விட்டுக் கோமுகை என்கிற கல்மடையில் இறங்கும். அதைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொள்வார். அதற்குப் பிறகு அது எங்கே போகிறது என்று அவர் ஒரு நாளும் பார்த்ததில்லை.

எழுந்து போய்ப் பார்த்தார். கோமுகைக்குக் கீழே இருந்த கல்வாய்க்கால் விண்டு கிடந்தது. அதற்கு நேர் கீழே, சரிவில், கிணறு. எட்டிப் பார்த்தார். உள்சுவரில் வெள்ளையாக ஒரு கோடு தண்ணீர் மட்டம்வரை இறங்கியிருந்தது. தன் பானகத்தைத் தேடி வந்த ஜனங்கள் கொண்டுவந்த பால்.

திரும்பி வந்து உட்கார்ந்தார்.

“பார்த்தீங்களா?”

“பார்த்தேனுங்க.”

பிறகு செங்கோடன் இறங்கின குரலில் ஆரம்பித்தார்.

“நாளைக்கு ஒரு நாள் போகட்டுமுங்க. எம்மவ ஆசையா வர்றா. நாளான்னைக்குக் கிணத்தை எறைச்சு, கல்லையும் பூசிப் போடலாம். நாளைக்கு மட்டும் எலுமிச்சையைக் கொஞ்சம் கூட்டி, பச்சைக் கற்பூரம் ஒரு துளி போட்டு... வாடையே தெரியாம பண்ணிருவேனுங்க.”

“சரி” என்றார் சாமியம்மா.

இவ்வளவு சுலபமாகச் சரி வரும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. எங்கேயோ இடித்தது.

“பேத்திக்குன்னு ஒரு டம்ளர் வாங்கி வெச்சிருக்கீங்களே, அதை எடுங்க.”

மடியில் முடிந்து வைத்திருந்த சின்ன வெள்ளி டம்ளரை எடுத்துக் கொடுத்தார். சாமியம்மா செம்பிலிருந்த தண்ணீரை அதில் ஊற்றினார். ஊற்றி, அவர் உள்ளங்கையில் வைத்தார்.

“நாளைக்கு இதைக் குடுங்க. மேல என்ன வேணும்னாலும் போட்டுக்குங்க.”

சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

செங்கோடன் டம்ளரைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். கீழே வைக்கவும் முடியவில்லை, கொட்டவும் தோன்றவில்லை. விளக்கு வைக்கிற நேரம்வரை அப்படியே இருந்தார்.

மறுநாள் படியேறி வந்தவர்களுக்குப் பானகம் இல்லை. அண்டா கவிழ்ந்து கிடந்தது. பால்குடங்களையும் வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். பூசாரி கத்திக்கொண்டிருந்தார். வெயிலில் வந்த சனம், பானகம் இல்லாத மடம் இருந்தென்ன போயென்ன என்று பேசியது. நேற்றுவரை ஆகா ஓகோ என்று புகழ்ந்த வாய்தான்.

விடியற்காலையிலேயே மோட்டார் வைத்துக் கிணற்றை இறைத்திருந்தார்கள். அடியில் முழங்கால் அளவு சேறு. இரண்டு ஆட்களோடு செங்கோடனும் இறங்கிக் கூடையில் அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தார். நாற்றத்துக்கு மூக்கில் துண்டைக் கட்டியிருந்தார்கள்.

மேலே ஒரு தலை எட்டிப் பார்த்தது. பக்கத்தில், சந்தனம் பூசிய ஒரு சின்ன மொட்டைத் தலை.

“அப்பா, உள்ள நிக்கறது நீங்களா?” கோகிலாவின் குரல் உடைந்திருந்தது. “உங்களைப் பார்க்கோணும்னு அடிச்சுப் புடிச்சு வந்தா, இங்க வந்து சேத்துல நிக்கறீங்க. நாங்க வர்ற அன்னைக்குத்தானா இதைச் செய்யோணும்?”

“நீங்க வர்றீங்கன்னுதான் கண்ணு.”

“பாப்பா தாகம்னு அழுவறா. உங்க பானகம் எங்கப்பா?”

“மடப்பள்ளி வாசல்ல ஒரு குடம் இருக்குது. அடிவாரத்துல இருந்து கொண்டாரச் சொன்னேன். வெறுந்தண்ணிதான். பக்கத்துலயே வெள்ளி டம்ளர் இருக்கும், கழுவித்தான் வெச்சிருக்கறேன். பாப்பாவுக்கு அதையே குடு. இந்தக் கிணத்துத் தண்ணி ஆகாதும்மா, வயித்தைக் கெடுத்துப்போடும்.”

கோகிலா கிணற்றைப் பார்த்தாள். சுவரில் இருந்த வெள்ளைக் கோட்டைப் பார்த்தாள். படியில் காத்து நின்ற கூட்டத்தைத் திரும்பிப் பார்த்தாள்.

“அப்ப இத்தனை நாளா வந்து குடிச்சவங்க கதி என்னப்பா?”

செங்கோடன் குனிந்து அடுத்த கூடைக்குச் சேற்றை அள்ளினார்.