ஏழாவது அடி

"அவனுக்கு ஒன் பேரு தெரியுமான்னு கேக்காரு எங்க வீட்டுக்காரர். எனக்குப் பதில் சொல்லத் தெரியல. நீயாவது சொல்லு."

இட்லி மாவுக் கடை வாசுகி இப்படிச் சொல்லிவிட்டு, மஞ்சப்பையிலிருந்து லைட் ஸ்டிக்கை எடுத்து மேஜைமேல் வைத்தாள். கச்சேரியில் ரசிகர்கள் தூக்கிப் பிடித்து ஆட்டும் விளக்கு அது. நாற்பத்தாறு வயதில் ஆசை ஆசையாக வாங்கியது.

மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்தவள் டெல்சியா. வயது இருபத்திரண்டு. மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை. தூத்துக்குடியில் 'நாரு' என்கிற கொரியப் பாட்டுக் குழுவின் ரசிகர்களுக்கெல்லாம் அவள்தான் குரு. குருவென்றால் தாடி இருக்க வேண்டும் என்று யாரும் சட்டம் போடவில்லையே.

குரு ஒரு கண்ணாடிக்கு ஸ்க்ரூ முடுக்கிக்கொண்டிருந்தாள்.

"இத நீயே வச்சிக்கோ பிள்ள. கிவானும் குழுவ விட்டுப் போயிட்டான். அவனுக்கு நான் யாருன்னே தெரியாது. நான் எதுக்குக் கத்திக்கிட்டுக் கெடக்கணும்?"

ஏழு பேர் குழுவில் ஏழாவது ஆள் கிவான். தொண்டைக் கோளாறால் போன வருஷம் விலகிக்கொண்டான். வாசுகிக்கு அவன் குரலென்றால் உயிர். கிரைண்டர் சத்தத்தையும் மீறி அந்தக் குரல் முதன்முதலாகக் காதில் விழுந்த அன்றுதான், மாவாட்டும்போது கூடச் சிரிக்க முடியும் என்று அவளுக்குத் தெரிந்தது.

டெல்சியா நிமிர்ந்தாள். "ஒங்க பேரு என்னக்கா?"

"மாவு அக்கான்னா எல்லாருக்கும் தெரியும்லா."

"அதக் கேக்கல."

வாசுகிக்குச் சட்டென்று வாயில் வரவில்லை. வீட்டில் 'ஏட்டீ', பள்ளிக்கூடத்தில் 'சந்தோஷ் அம்மா', தெருவில் 'மாவு அக்கா'. பெயர் சொல்லிக் கூப்பிட்ட ஒரே ஆள் அவள் அம்மா. அம்மாவும் போய்ச் சேர்ந்தாகிவிட்டது.

"வாசுகி."

டெல்சியா ஸ்க்ரூ டிரைவரால் மேஜையில் ஒரு தட்டுத் தட்டி, "வாசுகி" என்று சொல்லிப் பார்த்தாள்.

"சரியா உக்காருது."

"எதுல உக்காருது?"

"ஞாயித்துக்கிழம மூணு மணிக்கு சர்ச் ஹாலுக்கு வாங்க. லைட் ஸ்டிக்க அங்க வச்சு வாங்கிக்கிடுதேன். ஏழு பேர் பேரையும் பாடம் பண்ணிட்டு வரணும்."

"கேட்டதுக்குப் பதில் சொல்ல மாட்டியா?"

அதற்குள் ஒருவர் உடைந்த கண்ணாடியோடு வந்துவிட்டார். குரு அவர் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

கிவானைத் தவிர மற்ற ஆறு பேரை வாசுகி ஏறெடுத்தும் பார்த்ததில்லை. மாவு ஊற்றிக்கொண்டே பாடம் பண்ணினாள். "வேற என்ன வேணும்?" என்பதற்குப் பதிலாக "சோக்யூ" என்று சொல்ல, வாங்க வந்தவர் மீதிச் சில்லறை கூட வாங்காமல் போனார்.

ஞாயிற்றுக்கிழமை ஹால் நிறையப் பிள்ளைகள். திரையில் நாருவின் பழைய பாட்டு. பாடத் தொடங்குமுன் மேளம் மட்டும் ஏழு அடி விழும். அடிக்கொரு பெயராக ரசிகர்கள் கத்த வேண்டும். குழுவில் இப்போது ஆறு பேர்தான். பாட்டில் அடி இன்னும் ஏழு.

"ஏழாவது அடிக்கு என்ன செய்வீங்க?" என்று வாசுகி கேட்டாள்.

"கத்திப் பாருங்கக்கா."

சரி, போகிற போக்கில் கடைசியாக ஒரு தடவை கத்திவிட்டுப் போவோம் என்று வாசுகி எழுந்து நின்றாள். மேளம் விழுந்தது.

"ஜின்மோ! சோக்யூ! இல்லூ! டோகுன்! பியோங்சு! ஹாசோல்!"

ஏழாவது அடிக்கு வாசுகி கண்ணை மூடிக்கொண்டாள். வெட்கத்தை விட்டாள். இருந்த மூச்சையெல்லாம் கூட்டி, "கிவான்!" என்று கத்தினாள்.

அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை. ஹாலே வேறொரு பெயரைக் கத்தியது.

"வாசுகி!"

கண்ணைத் திறந்தாள். அத்தனை விளக்கும் அவள் பக்கம் திரும்பியிருந்தன. பாட்டு பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. அவளுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அடக்காமல் அழுதாள்.

பக்கத்துப் பெண் காதோரம் சொன்னாள்: "புதுசா வாரவங்களுக்குத்தான் கிவான் எடம். போன மாசம் எம் பேருக்கா."

பாட்டு முடிந்தது. டெல்சியா வந்து கையை நீட்டினாள்.

"லைட் ஸ்டிக்கக் குடுங்கக்கா. வேண்டாம்னீங்கள்லா."

வாசுகி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். விளக்கை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"அடுத்த மாசம் புதுசா வாரது யாரு பிள்ள? பேரச் சொல்லு, நான் பாடம் பண்ணணும்."