பத்தாம் எண் கூண்டும் அஞ்சலை கல்யாணமும்

உப்பங்காட்டுக்காரர்களுக்கு அறிவு கிடையாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நிறையவே உண்டு. செலவழித்தால் தீர்ந்துவிடுமே என்று பத்திரமாக வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

அந்த ஊர்த் தலைவர் பொன்னுரங்கத்தின் மகள் அஞ்சலைக்கு வியாழக்கிழமை கல்யாணம். மாப்பிள்ளை கன்னியப்பன். இது இரண்டாவது முயற்சி. முதல் முறை, "முகூர்த்தம் தவறிடப் போவுது, எல்லாரும் கடிகாரத்தைப் பாத்துக்கிட்டே இருங்க" என்றார் புரோகிதர். ஊரே பார்த்தது. தாலியைக் கையில் வைத்துக்கொண்டு மாப்பிள்ளையும் பார்த்தான். புரோகிதரும் உப்பங்காட்டுக்காரர்தான், அவரும் பார்த்தார். முகூர்த்தம் எந்த நிமிஷத்தில் தவறியது என்பதை அந்த ஊரில் யாரைக் கேட்டாலும் துல்லியமாகச் சொல்வார்கள்.

மாப்பிள்ளையின் அம்மா தனபாக்கியம் அன்றைக்கே கறாராகச் சொல்லிவிட்டாள். "இன்னொரு வாட்டி தள்ளிப்போச்சுன்னா என் தம்பி பொண்ணு ரெடியா இருக்கா."

கன்னியப்பன் மேல் உயிரையே வைத்திருந்த அஞ்சலை அதைக் கேட்டதிலிருந்து சரியாகச் சாப்பிடவில்லை. மகள் சாப்பிடவில்லை என்று பொன்னுரங்கம் சாப்பிடவில்லை. தலைவர் சாப்பிடவில்லை என்று ஊர் சாப்பிடவில்லை. சாயங்காலம் பசி தாங்காமல் ஊரும் தலைவரும் சாப்பிட்டுவிட்டார்கள். அஞ்சலை மட்டும் சாப்பிடவில்லை. பாவம், அவளுக்குத்தான் நிஜமாகவே கவலை.

கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்னால் ஒலிபெருக்கி கட்டிய ஜீப் ஒன்று ஊருக்குள் வந்தது.

"வங்கக்கடலில் புயல் வலுவடைந்து கரையை நெருங்குகிறது. துறைமுகத்தில் ஏற்றப்படும் எச்சரிக்கைக் கூண்டைக் கவனித்து வாருங்கள். கூண்டு எண் ஏற ஏறப் புயலும் பலமாகும். பத்தாம் எண் ஏறினால் உடனே பள்ளிக்கூடத்துக்குப் போய், கதவைச் சாத்திக்கொண்டு இருக்க வேண்டும்."

பக்கத்துத் துறைமுகம் சைக்கிள் மிதிக்கிற தூரம். பொன்னுரங்கம் தன் அக்கா மகன் தேசிங்கை அனுப்பி வைத்தார். அவன் போய்ப் பார்த்துவிட்டு வந்து, "ஒண்ணு, மாமா" என்றான். கொடியில் காய்ந்த வேட்டி லேசாக ஆடியது. அடுத்த தடவை வந்து, "மூணு, மாமா" என்றான். பந்தலில் கட்டியிருந்த தென்னந்தோரணம் படபடத்தது. மறுநாள் காலையில் தலையில் துண்டு இல்லாமல் வந்து நின்றான்.

"அஞ்சு, மாமா. துண்டு போச்சு."

பந்தலுக்குக் கீழே ஊர் கூடியது.

"ஏத்த ஏத்தத்தான காத்து பலமாவுது? அதை யாரு ஏத்துறா?" என்று கேட்டார் பொன்னுரங்கம்.

"காக்கிச் சட்டை போட்டவரு மாமா. சவரிநாதன்னு பேரு. கயித்தைப் புடிச்சு இழுத்தாரு. நாலு அஞ்சாச்சு. அப்பத்தான் துண்டு பறந்துச்சு. என் கண்ணால பாத்தேன்."

"கயிறு எங்க போவுது?" என்று விசாரித்தார் வீராசாமி. ஊரில் நுணுக்கமாக யோசிக்கிறவர் என்று பெயர் எடுத்தவர் அவர்.

"மேல போவுது."

"மேல இன்னா இருக்குது?"

"மேகம்."

கூட்டம் பெருமூச்சு விட்டது. கடலில் தன் பாட்டுக்குக் கிடந்த புயலை ஒரு ஆள் அரசாங்கச் சம்பளம் வாங்கிக்கொண்டு, கயிறு கட்டி இழுத்துக்கொண்டிருக்கிறான் என்பது விளங்கிவிட்டது. அதுவும் அஞ்சலை கல்யாணத்தைப் பார்த்து.

வெற்றிலை பாக்கு, தேங்காய், பத்திரிகையோடு துறைமுகத்துக்குப் போனார்கள். சவரிநாதன் தூக்கமில்லாத கண்ணோடு டிபன் டப்பாவைத் திறந்துகொண்டிருந்தார்.

"ஐயா, நாளைக்குப் பொண்ணுக்குக் கல்யாணம். பெரிய மனசு பண்ணி அஞ்சோட நிறுத்திக்குங்க" என்றார் பொன்னுரங்கம். கண் கலங்கிவிட்டது அவருக்கு.

"நான் எப்படிங்க நிறுத்த முடியும்? மேலிடத்துல இருந்து உத்தரவு வருது, ஏத்துறேன்."

"உத்தரவு வந்து, கூண்டு இல்லன்னா?" என்று கேட்டார் வீராசாமி.

"கூண்டு இல்லன்னா எப்படி ஏத்துறது?" என்று சலித்துக்கொண்டு ஒரு வாய் சோற்றைப் போட்டுக்கொண்டார் சவரிநாதன்.

அவர் சாப்பிட்டுக் கை கழுவுவதற்குள் தேசிங்கும் வீராசாமியும் கொட்டகைக்குள் புகுந்து, ஆறிலிருந்து பத்து வரைக்குமான கூண்டுகளை மூன்று சக்கர வண்டியில் ஏற்றிவிட்டார்கள். ஊருக்கு வந்ததும் பந்தலில் கட்டித் தொங்கவிட்டால் அழகாக இருக்கும் என்றான் தேசிங்கு.

"அறிவு கெட்டவனே, அதுவும் ஏத்துனதா ஆயிடாதா?" என்று அதட்டினார் வீராசாமி.

ஆகவே எல்லாவற்றையும் தரையில் கவிழ்த்து வைத்தார்கள். பத்தாம் எண் மேல் பொன்னுரங்கமே ஏறி உட்கார்ந்துகொண்டார், தானாக ஏதும் ஏறிவிடக் கூடாதே என்று.

வியாழக்கிழமை விடியும்போது காற்று ஊளையிட்டது. தென்னை மரங்கள் வளைந்து தரையைப் பார்த்தன. முந்தின நாளே வந்து தங்கியிருந்த தனபாக்கியம், "இன்னா சம்மந்தி, புயலா?" என்று கேட்டாள்.

"அஞ்சுதான் சம்மந்தி. அதுக்கு மேல வராது. நான்தான் உக்காந்திருக்கேனே" என்றார் பொன்னுரங்கம்.

அப்போது சவரிநாதன் தொப்பலாக நனைந்து ஓடிவந்தார். இடுப்பில் வாக்கிடாக்கி கத்திக்கொண்டிருந்தது.

"யோவ், கூண்டை எடுத்தது நீங்கதானா? பத்து ஏத்தச் சொல்லி உத்தரவு வந்தாச்சு. புயல் கரைகிட்ட வந்துடுச்சு. எல்லாரும் பள்ளிக்கூடத்துக்கு ஓடுங்க!"

"பத்து ஏறினாத்தான ஓடச் சொன்னாங்க? ஏறிடுச்சா?" என்றார் வீராசாமி.

"கூண்டே இங்க இருக்கு, எங்கய்யா ஏறும்?"

"அப்ப ஓட வேண்டியதில்ல."

சவரிநாதன் தலையில் அடித்துக்கொண்டார். கெஞ்சினார். பந்தலின் ஒரு பக்கம் பிய்த்துக்கொண்டு வானத்துக்குப் போனதைக் காட்டினார். எல்லாரும் அண்ணாந்து பார்த்துவிட்டு, கூண்டு ஏறவில்லை என்பதை மறுபடியும் உறுதி செய்துகொண்டார்கள்.

கடைசியில் மனிதர் ஒரு முடிவுக்கு வந்தார். பொன்னுரங்கத்தைத் தள்ளிவிட்டுப் பத்தாம் எண்ணைத் தூக்கிக்கொண்டு எதிரே இருந்த பள்ளிக்கூடத்துக்கு ஓடி, கொடிக்கம்பத்தில் கட்டிக் கயிற்றை இழுத்தார்.

"பத்து!" என்று தேசிங்கு அலறினான். ஊரே கிளம்பிவிட்டது.

ஆனால் கதவைச் சாத்திக்கொண்டு இருக்க வேண்டும் என்றல்லவா உத்தரவு? எந்தக் கதவை என்று ஜீப்காரன் சொல்லவில்லை. அவரவர் கதவைத்தான் அவரவர் சாத்த முடியும் என்று வீராசாமி தீர்ப்புச் சொன்னார். வீட்டுக்கு வீடு கதவைக் கழற்றித் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். காற்று பின்னாலிருந்து தள்ளியதில், தேக்குக் கதவு வைத்திருந்த வீராசாமியின் கால் ஒரு இடத்திலும் தரையில் படவில்லை. முதலில் போய்ச் சேர்ந்தவர் அவர்தான்.

பள்ளிக்கூடத்துக்குள் ஆளுக்கொரு கதவைப் பிடித்துக்கொண்டு அதன் பின்னால் உட்கார்ந்தார்கள். வெளியே புயல் கரையைக் கடந்துகொண்டிருந்தது. ஓடு பறந்தது, மரம் முறிந்தது. பொன்னுரங்கம் தன் கதவுக்குப் பின்னால் விம்மினார். "போச்சே, என் பொண்ணு கல்யாணம் இந்த வாட்டியும் போச்சே!"

"அப்பா, தாலி இங்கதான இருக்குது? அவரும் இங்கதான இருக்காரு?" என்றது அஞ்சலையின் குரல்.

இதை யாரும் யோசிக்கவில்லை. புரோகிதர் மந்திரத்தை ஆரம்பித்தார். கன்னியப்பன் தாலியோடு எழுந்து, அஞ்சலையின் கதவை மரியாதையாகத் தட்டினான். இரண்டாவது தட்டு விழுவதற்குள் அவள் கதவையே தூக்கிப் போட்டுவிட்டுக் கழுத்தை நீட்டினாள். சுவரில் கடிகாரம் இல்லாததால் காரியம் ஒழுங்காக முடிந்தது.

எனக்குச் சந்தோஷம்தான். அந்தப் பெண் அன்றைக்குத்தான் வயிறாரச் சாப்பிடப் போகிறாள்.

மத்தியானம் புயல் ஓய்ந்துவிட்டது. ஊரில் பாதிக் கூரை இல்லை, ஆனால் ஒரு உயிருக்கும் சேதமில்லை. பள்ளிக்கூட முற்றத்தில் இலை போட்டார்கள். இப்போது ஒரு இலை அசையவில்லை. அப்படி ஒரு புழுக்கம். தனபாக்கியத்தின் பட்டுப்புடவை முதுகோடு ஒட்டிக்கொண்டது.

"இன்னா ஊரு இது, மருந்துக்குக்கூடக் காத்து இல்ல! இப்படி வேர்த்துக்கிட்டு மனுஷன் சாப்பிடுவானா? எழுந்திரு கன்னியப்பா, போவலாம்."

அஞ்சலை முகம் சுண்டிப்போனது. பொன்னுரங்கம் சவரிநாதனிடம் ஓடினார்.

"ஐயா, கொஞ்சமா ஏத்தி விடுங்க. ஒண்ணாம் நம்பரு போதும்."

"ஒண்ணாம் நம்பர் துறைமுகத்துல இருக்குய்யா."

"பத்தைக் கால்வாசிக் கம்பத்துக்கு ஏத்துங்க. ரெண்டரைதான் வரும்" என்றார் வீராசாமி.

சவரிநாதன் இரண்டு நாளாகத் தூங்காதவர். இவர்களோடு பேசுவதைவிட இழுத்துத் தொலைப்பது சுலபம் என்று தோன்றியது. புயலில் கம்பத்திலிருந்து விழுந்து நசுங்கிக் கிடந்த கூண்டை மறுபடி கட்டி, கயிற்றைக் கால்வாசி இழுத்தார்.

கடல் பக்கமிருந்து சிலுசிலுவென்று காற்று வந்தது.

தனபாக்கியம் மறுபடி உட்கார்ந்தாள். அஞ்சலை சிரித்தாள். சவரிநாதன் கயிற்றைப் பார்த்தார். வானத்தைப் பார்த்தார். தன் கையைப் பார்த்தார். யாரும் கேட்காமலே இன்னும் ஒரு முழம் இழுத்தார்.

இடுப்பில் வாக்கிடாக்கி கரகரத்தது. மேலதிகாரி. "சவரி, எங்கய்யா இருக்க? புயல்தான் கரையைக் கடந்துடுச்சே, கூண்டை இறக்கிட்டியா?"

"கொஞ்சம் பொறுங்க சார்" என்றார் சவரிநாதன், கயிற்றை விடாமல். "இன்னும் பாயசம் பரிமாறல."