தடித்த தண்டும் பழைய கழுத்தும்

காலமெல்லாம் லேத்தில் இரும்பைக் கடைந்து நின்றவர் நாச்சிமுத்து. அவர் கண்ணுக்கு உலகத்தில் எல்லாமே தேவைக்குக் கொஞ்சம் பெரிசு, கடைந்தால் சரியாகிவிடும். ஐம்பது வயதில் கூட்டாளியோடு முட்டிக்கொண்டு, "நீயே கட்டிக்கிட்டு அழு" என்று பட்டறைச் சாவியை விட்டெறிந்துவிட்டு வந்தார். பத்து வருஷமாக லீவு நாளில் சைக்கிள் ஓட்டிய மலையின் அடிவாரத்தில் மலைச் சைக்கிள் கடை வைத்திருந்த கோகிலவாணியிடம் சிஷ்யனாகச் சேர்ந்தார்.

கோகிலவாணிக்கு வயது முப்பது சொச்சம். அவர் அவளை "அம்மணி" என்பார், அவள் அவரை "அண்ணா" என்பாள். புதிதாக வருகிறவர்கள் நாச்சிமுத்துவைக் கடை முதலாளி என்று நினைத்துக் கும்பிடுவார்கள். அவரும் வாங்கிக்கொள்வார். மனுஷன் அப்படித்தான்.

அந்தக் கடையில் ஒரு வழக்கம். முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் கவட்டைக்குப் போர்க் என்று பேர். அதை மாற்றியவர்தான் வண்டியை முதலில் மலைப்பாதையில் ஓட்டி இறக்க வேண்டும். கால் தரையில் படக் கூடாது. பட்டால் அந்த வண்டி வெளியே போகாது.

"ஏனுங்க அம்மணி, எனக்கு எப்பங்க கஸ்டமர் வண்டி குடுப்பீங்க?" என்று ஒருநாள் கேட்டார்.

"ஞாயித்துக்கெழமை சாயங்காலம் குன்னூர்லருந்து ஒருத்தர் வர்றாருங்ணா. பழைய ஃபிரேமு, புதுப் போர்க்கு. உங்க வண்டியும் அதே கதைதான். அதுக்குள்ள உங்க வண்டிக்குப் போர்க்க மாட்டி எறக்கிக் காட்டுங்க. எறக்கிட்டா அவரு வண்டி வேலை உங்களுக்கு."

"எறக்கலைன்னா?"

"லேத்துக்கே போயிருங்க."

நாச்சிமுத்துவுக்குப் பகீரென்றது. எந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு அங்கே திரும்பிப் போவது? கூட்டாளி ஒரு வார்த்தை பேச மாட்டான். சும்மா சிரிப்பான். அந்தச் சிரிப்புக்கு மலையிலிருந்து உருண்டு விழுவதே மேல்.

"பாத்துக்கறேனுங்க" என்றார்.

சிக்கல் இதுதான். அவருடைய ஃபிரேம் பழசு. போர்க்கின் தண்டு நுழைகிற முன்குழாயைக் கழுத்து என்பார்கள். பழைய கழுத்து மேலும் கீழும் ஒரே அளவு. ஆசைப்பட்டு வாங்கிய புதுப் போர்க்கின் தண்டோ மேலே ஒல்லி, கீழே போகப்போகத் தடிமன். மேலிருந்து பார்த்தால் பொருந்தும். கீழே வந்ததும் பேரிங்குக்கு இடமில்லாமல் முட்டிக்கொண்டு நிற்கும்.

"அம்மணி, கழுத்து சிறுசு, தண்டு பெருசு. எதைக் கொறைக்கறது?"

"நீங்க என்ன நெனைக்கறீங்க?"

"கழுத்தை உள்ளுக்குள்ள லேசாக் கடைஞ்சு விட்டா முடிஞ்சுது சோலி."

கோகிலவாணி எழுந்து போய், பழைய சாமான்களுக்கு நடுவிலிருந்து ஒரு ஃபிரேமை இழுத்து வந்து அவர் முன்னால் போட்டாள். அதன் கழுத்து கீழேயிருந்து மேலே வரை வாய் பிளந்து கிடந்தது.

"அட கெரகமே! இது யாரு வேலைங்க?"

"லேசாக் கடைஞ்சவரு வேலை."

"ஓட்டுனவரு?"

"அவருதான். இப்பப் பல்லு கட்டியிருக்காரு."

நாச்சிமுத்து நாக்கால் தன் பற்களை ஒருமுறை தடவிப் பார்த்துக்கொண்டார்.

மறுநாள் காலையில் வந்ததும் வராததுமாகச் சொன்னார்: "அப்ப கழுத்தைத் தொட வேண்டாமுங்க. தண்டைக் கடையறேன்."

"எந்த எடத்துலீங்ணா?"

தண்டின் அடிப்பாகத்தில் விரலை வைத்துக் காட்டினார்.

"நீங்க பள்ளத்துல குதிக்கறப்போ மொத்தப் பாரமும் எங்க விழும்?"

அவர் விரல் வைத்த இடத்திலேயே இருந்தது. பிறகு விரலை எடுத்துவிட்டார்.

"ரெண்டையும் கொறைக்கக் கூடாது, ஆனா சேரோணும். இது என்னங்க அம்மணி, ஆகிற காரியமா?"

"ஆகலைன்னா விட்றலாங்ணா."

அந்தச் சொல்லைக் கேட்டதும் அவருக்கு ரோஷம் வந்துவிட்டது. விடுவதா? நாச்சிமுத்துவா? வெர்னியரை எடுத்துக் கழுத்தின் உள்வட்டத்தை அளந்தார். அப்போதுதான் ஒன்று தெரிந்தது. கழுத்து அவர் நினைத்த அளவுக்குச் சிறிசில்லை. பேரிங் உட்காருகிற கிண்ணம் உள்ளே ஒளிந்திருந்து இடத்தை அடைத்துக்கொண்டிருந்தது. அதைத் தட்டி எடுத்துவிட்டால் தண்டு தாராளமாக நுழையும். ஆனால் கிண்ணம் இல்லாமல் பேரிங் எங்கே உட்காரும்?

மதியம் சாப்பிட உட்கார்ந்தார். தூக்குப்போசியைத் திறந்தவர் மூடியைக் கையிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். மூடியிருந்தபோது அதன் ஒரு விளிம்பு மட்டும்தான் போசிக்குள் இறங்கியிருந்தது. மற்றதெல்லாம் போசிக்கு வெளியேதான் இருந்தது.

"அம்மணி! கிண்ணம் எதுக்குங்க கழுத்துக்குள்ள இருக்கோணும்? வெளிய தொங்கட்டுமே!"

"சோறு ஆறுதுங்ணா" என்றாள் கோகிலவாணி.

அவர் சாப்பிடவே இல்லை. பக்கத்துப் பட்டறையில் கெஞ்சிக் கூத்தாடி லேத்தை இரவல் வாங்கினார். மேல்விளிம்பு கழுத்துக்குள் இறுக்கமாக ஏற, வயிறு கழுத்துக்குக் கீழே தொங்க, அதில் பெரிய பேரிங் உட்காரும்படி ஒரு கிண்ணம் கடைந்தார். முதல் கிண்ணம் தொளதொளவென்று ஆடியது. தூக்கிக் குப்பையில் போட்டார். அடுத்தது ஏறவே மாட்டேன் என்றது. அதையும் போட்டார். பட்டறைக்காரன் முகம் சுளிக்கச் சுளிக்க நின்று, ஞாயிறு காலையில் ஒரு கிண்ணத்தோடு வந்தார். அது ஏறி உட்கார்ந்தது. தண்டு எங்கும் உரசாமல் நுழைந்தது.

கோகிலவாணி முன்பிரேக்கைப் பிடித்துக்கொண்டு வண்டியை முன்னும் பின்னும் ஆட்டினாள். கழுத்தில் விரல் வைத்துப் பார்த்தாள். துளி ஆட்டமில்லை.

"சுத்தமா இருக்குதுங்ணா."

அவள் வாயிலிருந்து அவர் கேட்ட முதல் பாராட்டு அது. நெஞ்சு விம்மியது. ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு வண்டியை மேலே தள்ளிக்கொண்டு போனார். போகும்போது அந்த ஏற்றத்தில் விசில் வேறு.

முதல் வளைவிலேயே வண்டி திரும்பவில்லை. நேராகப் போய் உண்ணிப்புதரில் நுழைந்தது. கை கால் எல்லாம் முள். கீழே வந்து நட்டு போல்ட்டு எல்லாவற்றையும் முறுக்கிப் பார்த்தார். எல்லாம் இறுக்கமாகவே இருந்தன. மறுபடி ஏறினார். அதே வளைவு. அதே புதர். இந்த முறை சட்டையும் கிழிந்தது.

வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து கடை வாசலில் சாய்த்தார். வெயில் சாயத் தொடங்கியிருந்தது. குன்னூர்க்காரர் வருகிற நேரம்.

"கிண்ணம் தப்புங்களா?"

கோகிலவாணி குனிந்து பார்த்தாள். "தப்பில்லீங்ணா."

"தண்டு?"

"தப்பில்லை."

"கழுத்துல ஏதாச்சும்?"

"நல்லா இருக்குது."

"பின்ன ஏனுங்க திரும்ப மாட்டேங்குது? பத்து வருஷமா இதே வண்டிய, இதே வளைவுல ஓட்டறேன். இன்னைக்கு வந்த கேடு என்னன்னு சொல்லுங்க!"

அவள் வண்டியைச் சமதரையில் நிமிர்த்தி நிறுத்தினாள். ஓரமாக நகர்ந்து நின்றாள். அவர் பார்த்தார். கிண்ணம் வெளியே தொங்கியதில் முன்பக்கம் உயர்ந்திருந்தது. புதுப் போர்க்கும் பழசைவிட நெட்டை. முன்சக்கரம் முன்பைவிடத் தள்ளிப் போய் நின்றது.

"வண்டி மாறிருச்சுங்ணா" என்றாள் கோகிலவாணி. "நீங்க இன்னும் பழசத்தான் ஓட்டிட்டிருக்கீங்க."

நாச்சிமுத்து வண்டியை எடுத்து மலையைப் பார்க்கத் திருப்பினார். இந்த முறை விசில் இல்லை.

மேலே நின்று மூச்சு வாங்கினார். இறக்கத்தில் பின்னால் சாய்வது அவர் உடம்பில் ஊறிய பழக்கம்; சாய்ந்தால் தள்ளிப்போன முன்சக்கரத்தில் பாரமே விழாது. பயம் வந்தால் இன்னும் சாய்வார். வளைவு நெருங்கியது. புதர் தெரிந்தது. உடம்பு முழுக்கப் பின்னால் போ, பின்னால் போ என்று கத்தியது. அவர் பல்லைக் கடித்துக்கொண்டு நெஞ்சை ஹேண்டில்பார் மேல் இறக்கினார். முழங்கைகளை விரித்தார். பாரம் முழுவதையும் அந்த முன்சக்கரத்துக்குக் கொடுத்தார். சக்கரம் மண்ணைக் கடித்துத் திரும்பியது.

கால் தரையில் படாமல் கடை வாசல் வரை வந்துவிட்டார். பெடலிலிருந்து காலை எடுக்கவே மறந்து, கடைச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். சிரிப்பு வந்தது. அடக்க முடியவில்லை.

வாசலில் ஒரு ஆள் பழைய ஃபிரேமைத் தோளில் மாட்டிக்கொண்டு, புதுப் போர்க்கைக் குழந்தையைப்போல அணைத்துக்கொண்டு நின்றிருந்தார். குன்னூர் ஜெபக்குமார். நேராகக் கோகிலவாணியிடம் போனார்.

"மேடம், இந்தப் போர்க்கு இந்த ஃபிரேமுக்குச் சேருமா?"

"சேருங்க."

"சேந்தப்புறம் வண்டி முன்ன மாதிரியே ஓடுமா?"

கோகிலவாணி சுவரைப் பிடித்துக்கொண்டு நின்ற மனிதரைக் கைகாட்டினாள்.

"அவரைக் கேளுங்க. உங்க வண்டிக்கு மாட்டப்போறது அவருதான்."

ஜெபக்குமார் திரும்பி அவரைப் பார்த்தார். கிழிந்த சட்டையையும் பார்த்தார்.

"சொல்லுங்கண்ணா, முன்ன மாதிரியே ஓடுமா?"

நாச்சிமுத்து வண்டியை விட்டு இறங்கினார். ஹேண்டில்பாரை ஜெபக்குமார் பக்கம் திருப்பி, ஹெல்மெட்டைக் கழற்றி அவரிடம் நீட்டினார்.